கருப்பியின் காதும் என் கட்டை விரலும்

ஊறுகாய் பற்றி எழுதச் சொல்லிச் சகோதரிகள் பலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அது அடுத்த இதழில். இந்தத் தடவை பூனை. "வீட்டு விஷயம் எழுதச் சொன்னா பூனைக் கதை சொல்றாங்களே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பூனை வளர்க்காத வீட்டிலும் எலி உண்டு, எலிக்காகச் சுவர் ஏறி வரும் பூனை உண்டு, அதன் வாலைப் பிடிக்கத் தவழ்ந்து போகும் குழந்தையும் உண்டு.

எங்கள் கருப்பிக்கு நாலு வயசு. மடியில் ஏறும், மீன்காரி குரல் கேட்டால் வாசலுக்கு ஓடும், மற்றபடி யாரையும் ஒன்றும் செய்யாத சாது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீபத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே தெருவெல்லாம் ஜனம். அந்த அமளியில்தான் கவனித்தேன், கருப்பி தலையை உதறிக்கொண்டே இருந்தாள். பின்னங்காலால் காதைப் பிறாண்டிப் பிறாண்டி, காதுக்குப் பின்னால் புண்ணாகியிருந்தது. உள்ளே பார்த்தால் காப்பிப் பொடியைத் தூவின மாதிரி கறுப்பாக அழுக்கு.

எதிர் வீட்டு மருமகள் ஓடி வந்தாள். நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. "அத்தே, கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டா சரியாப் போயிடும், நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். நானும் ஆகட்டும் என்றேன். அவள் காலைப் பிடிக்க, நான் பிடரியைப் பிடித்துத் தூக்க, கருப்பி காதுகளைப் பின்னுக்கு மடித்தாள், வாலை இப்படியும் அப்படியும் அடித்தாள், சீறினாள். "என்னடீ, என்கிட்டயே சீறுறியா!" என்று இன்னும் இறுக்கினேன். அடுத்த நொடி என் கட்டை விரலில் இரண்டு பல் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முழங்கையில் நீளமாக மூன்று கோடு. கருப்பி பரண்மேல்.

சீறுவது கோபமில்லை, பயம். அது "விட்டுவிடு, இல்லாவிட்டால் கடிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடித்தது. கேட்காதது நான்.

கடித்தது நம் வீட்டுப் பூனைதானே என்று மஞ்சளைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போகத்தான் இருந்தேன். நல்லவேளை, என் வீட்டுக்காரர் விடவில்லை. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தார். பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றால்தான் தெரியும். நாய்க்கடி, பூனைக்கடி, பிறாண்டல் எதுவானாலும் முதல் மருந்து இதுதான். வெறிநோய்க் கிருமியைக் காயத்திலேயே குறைக்கிற வேலையைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் செய்கின்றன. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பூனையின் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். ஒரே நாளில் வீங்கிச் சீழ் வைத்துவிடும். எனக்கு மறுநாள் காலையிலேயே விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தேதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எதிர் வீட்டுப் பெண் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "பால் குடிக்கிற குழந்தை இருக்கே அத்தே, ஊசி போட்டா பால்ல கலந்து குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?" அவள் மாமியாரும் அதையே சொன்னார். அங்கிருந்த டாக்டரம்மா இரண்டே வார்த்தையில் தீர்த்துவைத்தார்: பால் கொடுக்கிறவர்களும் போட்டுக்கொள்ளலாம், கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், பாலை நிறுத்த வேண்டியதில்லை. இந்த நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஊசியோ அரசு மருத்துவமனையில் இலவசம். அன்றைக்கு ஒன்று, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். இப்போதெல்லாம் தோளில்தான் போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ரத்தம் வந்த கடி என்பதால் எனக்குக் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் ஏற்றினார்கள். அது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். "பூனையைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்" என்றார் டாக்டரம்மா. "பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டபோது எனக்குத் தலை குனிந்தது. போடவில்லை. மூன்று மாதக் குட்டியிலேயே போட்டு, டாக்டர் சொல்லும் கணக்கில் தொடர்ந்து போட வேண்டியது.

வீட்டுக்கு வந்தால் கருப்பி பரணை விட்டு இறங்கவில்லை. அன்று ராத்திரி பெங்களூரிலிருந்து என் அக்கா பேரன் போன் செய்தான். நான் புலம்பினதைக் கேட்டு, "பாட்டி, வெளிநாட்டுல உள்ளங்கை அளவு சிலந்தியைக்கூட வீட்ல வளர்க்கறாங்க. அதுக்கு உடம்பு சரியில்லேன்னாலும் கையால பிடிச்சு இறுக்க மாட்டாங்க. மேலே ஒரு டப்பாவைக் கவுத்து, அடியில அட்டையைச் சொருகித்தான் எடுப்பாங்க. கீழே விழுந்தா அதோட வயிறு உடைஞ்சு செத்துப் போயிடும்" என்றான். கேட்கவே எனக்கு உடம்பு கூசிற்று. நம் ராமேசுவரத்திலேயே அந்த ஜாதிப் பெருஞ்சிலந்தி ஒன்று உண்டாம். 2004-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள், அங்குள்ள அனுமார் கோயிலின் பெயரையே. மரங்களை வெட்ட வெட்ட அது அருகிவிட்டது. 2019 முதல் அந்த இனத்தை நாடு விட்டு நாடு விற்பதற்கு உலகக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பிடித்து வளர்க்கிற ஜந்து இல்லை அது.

சிலந்தி கிடக்கட்டும், டப்பா யோசனை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் நாள், கடைத்தெரு இரைச்சல் அடங்கின நேரத்தில், பரணில் ஏணி போட்டு, மூங்கில் கூடையை மெல்ல அவள்மேல் கவிழ்த்து, அடியில் பலகையைச் சொருகி இறக்கினோம். ஒரு பிறாண்டல் இல்லை. கூடைமேல் துணியைப் போட்டு மூடினதும் இருட்டில் அடங்கிப்போனாள்.

தீபம் ஏற்றின மறுநாள் வண்டி ஓட ஆரம்பித்ததும் கால்நடை டாக்டரிடம் போனோம். போகிற வழியில் ரமணாசிரமம். அங்கே லட்சுமி என்ற பசுவுக்கும், மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் சமாதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லட்சுமி 1948-ல் போனது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு பூனையை அடக்கத் தெரியவில்லையே என்று மடியில் கூடையை வைத்துக்கொண்டு நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் காதை விளக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சிகள், பூனைக்குப் பூனை ஒட்டுமாம். காது ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே எதையும் விடக்கூடாது என்றார். வேப்பெண்ணெய் விடாமல் பிழைத்தோம். நான் நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரைத் தூவலாமா என்று யோசித்திருந்தேன். அதைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். நாய்ப் பவுடர், சொட்டு மருந்து சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். ஜுரத்துக்கு நாம் போடும் பாராசிட்டமால் அதைவிட மோசம், ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

சொட்டு மருந்து மூன்று வாரம். பூச்சி முட்டை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட மூன்று வாரம் ஆகும் என்பதால் நடுவில் நிறுத்தினால் பழைய கதைதான். இனிதான் விஷயமே: மூன்று வாரம் தினமும் பிடிக்க வேண்டுமே!

நம் வீட்டுக் குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டும்போது கையையும் காலையும் துணியில் சுற்றிக்கொள்வோம் இல்லையா, அதேதான். கெட்டியான டர்க்கி டவல் ஒன்றை அவள் படுக்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வைத்தேன், அவள் வாசனை ஏறட்டும் என்று. பிறகு குழந்தைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, டவலைத் தரையில் விரித்துக் கருப்பியை நடுவில் உட்கார வைத்தோம். முகம் எதிர்ப்பக்கம், பின்புறம் என் வயிற்றோடு. தப்பிக்கப் பின்னால் போனால் என் மடிதான். ஒரு முனையைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னங்காலோடு சேர்த்து மூடி, மறு முனையையும் அப்படியே. தலை மட்டும் வெளியே. சோமாசி மடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கழுத்தில் ஒரு விரல் நுழைகிற இடம் இருக்கவேண்டும், நெஞ்சை அழுத்தக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே விட்டுவிட வேண்டும், மருந்து அப்புறம்.

மருந்துப் புட்டியை முன்னாலேயே உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். சில்லென்று விழுந்தால் துள்ளும். சொட்டு விட்டு, காதின் அடியைத் தடவினால் 'சளக் சளக்'கென்று சத்தம் கேட்கும், மருந்து இறங்கிவிட்டது. வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தால் போதும், குச்சியை உள்ளே விடவே கூடாது. எல்லாம் இரண்டு நிமிஷம். பிறகு தரையில் வைத்து டவலைத் தளர்த்தி, அவளாகப் போகட்டும் என்று கையை எடுத்துவிட்டேன். தட்டில் நாலு நெத்திலி தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு தடவை உறுமினாள். அன்று ஒரு காதோடு நிறுத்திக்கொண்டு, மறு காதுக்குச் சாயங்காலம் விட்டேன். முதல் நாளே இந்தப் புத்தி இருந்திருந்தால் நாலு ஊசி மிச்சம்.

28-ஆம் நாள் ஊசிக்கு நானும் எதிர் வீட்டுப் பெண்ணும் சேர்ந்தே போய் வந்தோம். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம், குப்புற விழுகிறான். அன்று மத்தியானம் கருப்பிக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. திரும்பி வந்து டவலைத் துவைக்கலாம் என்று தேடினால், அதன்மேல் அவள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கிறாள். வேறு டவல் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.