மலை காத்த மொழிகளைப் பள்ளி காக்குமா?

1959இல் தாகெஸ்தானில் ஐந்தில் ஒருவர் ரஷ்யர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் நூற்றுக்கு மூன்று பேராகச் சுருங்கிவிட்டார்கள். ஆனால், தலைநகர் மகச்சகலாவின் சந்தையிலும் பேருந்திலும் கல்லூரி வாசலிலும் பொதுவாகப் புழங்குவது ரஷ்ய மொழிதான். ஆட்கள் போய்விட்டார்கள், மொழி வேரூன்றிவிட்டது.

ரஷ்யாவின் தென்கோடியில், காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது இந்தக் குடியரசு. பரப்பு சுமார் 50,300 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 32 லட்சம். காஸ்பியன் கரையோரச் சமவெளி பெருங்கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. அஜர்பைஜான் எல்லையிலுள்ள பசார்துசு சிகரமோ 4,466 மீட்டர் உயரம். வடக்கே நொகாய் மக்களின் புல்வெளி, கரையை ஒட்டிய சமவெளியில் கூமிக்குகள், உள்மலைகளில் அவார், தார்கின், லாக் மக்கள், தெற்கே லெஸ்கின்களும் தபசரான்களும். இவர்களில் அவார்களே பெரிய இனம். அவர்களும் பத்தில் மூன்று பேர்தான். பெரும்பான்மை என்று சொல்லிக்கொள்ள அங்கே யாருமில்லை.

இத்தனை மொழிகள் பிழைத்திருந்ததற்கு மலைதான் காரணம். சுலாக் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு ஓரிடத்தில் 1,900 மீட்டருக்கும் மேல் ஆழம். இப்படிப்பட்ட நிலத்தில் அடுத்த ஊரே தூரதேசம். ஆர்ச்சி என்ற மலைக் கிராமத்தின் மொழியைப் பேசுபவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அவர்கள் ஊமைகளாக ஒதுங்கி இருக்கவில்லை. அக்கம்பக்கத்து அவார், லாக் மொழிகளையும் பேசினார்கள். மேட்டு ஊர்க்காரர்கள் பள்ளத்து ஊர்க்காரர்களின் மொழியைக் கற்றுக்கொள்வது மலையின் வழக்கம். சந்தையும் குளிர்கால மேய்ச்சலும் கீழேதானே இருந்தன! வடபகுதியில் சமவெளி வரை இறங்கியவர்களுக்குக் கூமிக் பொதுமொழியானது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத விவசாயி மூன்று மொழி பேசினார். வீட்டு மொழியையும் விடவில்லை.

அரசாங்கத்தின் கணக்கு இதை வேறு மாதிரிப் பார்த்தது. எழுத்து வழக்குள்ள 14 மொழிகளுக்கே அங்கே அரசு அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. ஆர்ச்சி, ஆந்தி, செஸ் முதலான பத்துக்கும் மேற்பட்ட சிறு இனங்கள் நெடுங்காலம் அவார்களோடு சேர்த்தே எண்ணப்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ‘தாய்மொழி’ என்று கற்பிக்கப்பட்டது அவார் மொழி. எழுத்துள்ள மொழிகளும் நிம்மதியாக இருக்கவில்லை. அரபு எழுத்திலிருந்து 1928இல் லத்தீனுக்கும் 1938இல் சிரிலிக்குக்கும் மாற்றப்பட்டன.

அரசியலில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1994 அரசமைப்பின்படி, இனத்துக்கு ஒருவராக 14 பேர் கொண்ட மாநில அவை குடியரசை வழிநடத்தியது. 2006இல் அது கலைந்தது. இப்போது ரஷ்ய அதிபர் முன்மொழியும் பெயர்களிலிருந்து குடியரசின் தலைவரை மக்கள் பேரவை தேர்ந்தெடுக்கிறது.

இதற்கிடையே மலை காலியாகிக்கொண்டிருக்கிறது. சோவியத் காலத்திலிருந்தே மலைவாசிகள் சமவெளிக்கு இறக்கப்பட்டார்கள். பிறகு பிழைப்புக்காகத் தாங்களே இறங்கினார்கள். நிலத் தகராறும் கூடவே இறங்கியது. 1944இல் செச்சென்கள் நாடுகடத்தப்பட்டபோது அவர்களுடைய அவுக் பகுதி வீடுகளில் லாக் மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள். செச்சென்களுக்கு ஊரைத் திருப்பித் தர லாக் மக்களை மகச்சகலாவுக்கு அருகே மாற்றலாம் என்று 1991இல் முடிவானது. அந்த நிலம் தங்களுடையது என்கிறார்கள் கூமிக்குகள். ஒரே அநீதியில் மூன்று இனங்கள் சிக்கிக்கொண்டன.

சமவெளி நகரத்து வகுப்பறையில் பல தாய்மொழிப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள். அப்பா அவார், அம்மா லாக் என்றால் வீட்டிலும் ரஷ்ய மொழியே. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத மொழி எல்லோருக்கும் வசதி. ஆனால், 2018இல் ரஷ்ய நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத் திருத்தம் தாய்மொழிப் பாடத்தைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டது. ரஷ்ய மொழியையே தாய்மொழியாக எழுதிக்கொடுக்கவும் இடம் தந்தது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஒருங்கிணைந்த தேர்வு ரஷ்ய மொழியில் நடக்கும்போது, பெற்றோர் எதைத் தேர்வார்கள்? இதைச் சுதந்திரம் என்று அழைப்பது கண்துடைப்பு.

ரஷ்ய மொழி போக வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பல மொழி பேசுவது தாகெஸ்தானியர்களுக்குப் புதிதுமல்ல. தாய்மொழிப் பாடத்தை மீண்டும் கட்டாயமாக்குவதும், நகரப் பள்ளிகளில் மொழிவாரியாக ஆசிரியர்களை நியமிப்பதும், ஆர்ச்சி போன்ற சிறு மொழிகளுக்குப் பாடநூல் தருவதும் மாஸ்கோவின் கடமை. தன்னைப் பல இனங்களின் நாடு என்று அரசமைப்பின் முதல் வரியிலேயே அறிவித்துக்கொண்ட ரஷ்யா, இந்தச் செலவைத் தட்டிக்கழிக்க முடியாது.