ஒரு கிணற்றுக்கு எத்தனை கணக்கு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லுட் புகுந்து, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராய்த் தங்குகின்றது. நாம் குடிப்பதும் அதுவே. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதுவே. அந்நீரின் கணக்கு எவரிடம் இருக்கின்றது?

நிலத்தடி நீரை நீர்வளச் சபை ஆராய்கின்றது. குடிநீரின் தரத்தைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதிக்கின்றது. மழைக்கணக்கு வளிமண்டலவியல் திணைக்களத்திடம். நிலப்படம் நில அளவைத் திணைக்களத்திடம். பயிர் விபரம் கமநல சேவை நிலையத்திடம். பல்கலைக்கழக ஆய்வுகள் வேறு. ஒவ்வொன்றும் தன்னளவிற் பயனுடையதே. ஆனால் ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்க முற்படுவோர் படும் பாடு சொல்லுந்தரமன்று.

நைத்திரேற்றை எடுத்துக்கொள்வோம். உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் கிணற்றிற் சேர்வது. அளவு மீறினாற் கைக்குழந்தைகளுக்குக் கேடு. ஓர் அறிக்கை லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்னும். வேறொன்று 44 என்னும். இரண்டாவதைக் கண்டு ஊரார் அஞ்சுவர். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கலாம். முதலாவது அதிலுள்ள நைதரசனை மாத்திரம் நிறுத்தது. மற்றையது நைத்திரேற்று முழுவதையும் நிறுத்தது. இதனை அறிக்கையிற் குறியாது விட்டால் கமக்காரன் எவ்வாறு அறிவான்?

இடக்குறிப்பின் கதை இதனினும் மோசம். நம் நாட்டு நிலப்படங்கள் கந்தவல என்னும் இடத்தை மூலப்புள்ளியாகக் கொண்ட அளவையில் வரையப்பட்டவை. கைத்தொலைபேசி காட்டுவதோ உலகப் பொது அளவை. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்தால் கிணறு 200 மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். பரப்புக் கணக்கிற் காணி வைத்திருக்கும் நம் ஊரில் அது அயலவன் காணியுமன்று. அதற்கும் அப்பாலுள்ளவன் காணி! வேலி வழக்குக்காக நீதிமன்றப் படியேறியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இக்குழப்பத்தின் விலையைச் சுன்னாகம் கண்டது. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தது என்று ஒரு சபையின் சோதனை கூற, மாகாண சபை நியமித்த நிபுணர் குழு அபாயமில்லை என்றது. யாரை நம்புவது? மக்கள் பவுசரில் வந்த நீருக்குக் குடத்தோடு காத்து நின்றனர். 2015இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலிலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது.

எல்லாக் கணக்குகளையும் கொழும்பில் ஒரே பெட்டகத்திற் பூட்டிவைப்பதே பரிகாரம் என்பார் உளர். அன்று. அளப்பவரிடமே கணக்கு இருக்கட்டும். அதனைத் திருத்தவும் புதுப்பிக்கவும் தக்கவர் அவரே. ஆயின் அனைவரும் ஒரே விதிக்குக் கட்டுப்படல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் 'இன்ஸ்பயர்' என்னும் பணிப்பாணையால் இதனைத்தான் செய்தது. புவியியற் தரவுகளை 34 தலைப்புகளாக வகுத்து, அவை அவரவரிடமே இருக்க, பொது முறையில் வெளியிடுமாறு விதித்தது. புதிதாகத் தரவு திரட்டும்படி எவரையும் வற்புறுத்தவில்லை. தவணை தவறிய நாடுகளும் உண்டுதான். எனினும் விதி நின்றது.

நம்மிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. அதன்கீழ் விண்ணப்பித்துத் தாள்களைப் பெறலாம். பொருந்தாத தாள்களைப் பொருந்தச் செய்ய அச்சட்டத்தால் இயலாது.

கிணற்றுக்கு ஓர் இலக்கம், சோதித்த திகதி, அலகு, இடக்குறிப்பின் அளவை முறை. இந்நான்கும் இல்லாத நீர் அறிக்கையைப் பிரதேச செயலகங்கள் ஏற்கலாகாது. இதற்குப் பாராளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே நம் பிரதிநிதிகள் இதனைக் கேட்கட்டும். அதற்கு முன், கமக்காரர் அமைப்புகள் தத்தம் ஊர்க் கிணறுகளுக்கு இலக்கமிடத் தொடங்கலாம்.