நள்ளிரவுத் தடையும் பிள்ளைகளின் மனநலமும்

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயது நிரம்பாதோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாதென்று தடுத்த பின்னர், அத்தகைய சட்டமொன்று நம் தேசத்துக்கும் வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. அக்குரலுக்குப் பின்னுள்ள கவலை நமக்கும் உண்டு. ஆயினும், தடையின் வழியில் பத்தாண்டுகள் நடந்து பார்த்துத் திரும்பிய தென் கொரியாவின் அனுபவத்தை நம் சர்க்கார் முதலில் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர் எவரும் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை கணினியில் இணைய விளையாட்டு ஆடலாகாதென்னும் சட்டம் அங்கே 2011 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2014-இல் அரசியல் சாசன நீதிமன்றமும் அது செல்லுமென்று தீர்ப்பளித்தது. ஆனால் பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு உள்ளே புகுந்தனர். தடையின் எல்லைக்கு வெளியே நின்ற கைபேசி விளையாட்டுகளோ நாளடைவில் கணினி விளையாட்டுகளை முந்திச் சென்றன. 2022 பிறந்தபோது அச்சட்டம் நீக்கப்பட்டது. பகலெல்லாம் பள்ளியிலும், இரவு பத்து மணி வரை தனிப்பயிற்சி நிலையத்திலும் அடைபட்டுக் கிடக்கும் மாணவனுக்குத் தனக்கென எஞ்சிய பொழுது அந்த நள்ளிரவு ஒன்றே என்பதையும், அப்பொழுதைப் பறிப்பவர் அதற்கு ஈடாக வேறொன்றைத் தரக் கடமைப்பட்டவர் என்பதையும் சட்டம் இயற்றியோர் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

அதே தேசம் செய்த மற்றொரு காரியம் இவ்வளவு பேசப்படவில்லை. மூஜூ என்னும் மலைப்பிரதேசத்தில், மூடப்பட்ட பள்ளிக்கூடமொன்றைச் செப்பனிட்டு, இணையத்தினின்று மீள இயலாது தவிக்கும் சிறார்கள் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான தேசிய நிலையத்தை 2014-இல் அது திறந்தது. நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரி இதுவே.

தமிழக சர்க்கார் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை 2025-இல் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தி உயிர்களையும் பறித்த ஆட்டங்களாதலின் அத்தடை நியாயமானதே. ஆனால் பணம் எதையும் இழக்காமல் உறக்கத்தையும், படிப்பையும், மனிதரோடு பேசும் விருப்பத்தையும் இழந்து நிற்கும் பிள்ளைக்கு அத்தடையால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. விளையாட்டின் மீதான கட்டுக்கடங்காப் பற்றை உலக சுகாதார ஸ்தாபனமே நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்ட பிறகு, நோயாளிக்குக் காவலரைக் காட்டி, மருத்துவரைக் காட்டாதிருப்பது தர்மமாகாது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது 2014-இல். அத்தகைய பிரிவு நம் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் அரசு உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் அமைய வேண்டும். அதற்கான நிதியை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டுமென்றும், அது ஒதுக்கப்படும் வரை சிறார் மீது புதிய தடைச் சட்டம் எதையும் சட்டசபைக்குக் கொண்டுவரலாகாதென்றும் சர்க்காரை வற்புறுத்துகிறோம்.