காற்றுக் கதவைக் கட்டிப் போடாதீர்கள்!



இரவு கடை அடைக்கும்போது பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். கல்லாவைப் பூட்டுகிறோம், மெயின் சுவிட்சை அணைக்கிறோம். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளிப்பக்கம் உள்ள தகடு மூடிக்கொண்டதா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? அப்படி ஒன்று இருப்பதையே பலர் அறியமாட்டார்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்ட விதம் நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

சின்ன ஃபேனில் இருப்பதை மெக்கானிக்குகள் லூவர் ஷட்டர் என்பார்கள். பெரிய கடைகளில் காற்றுக் குழாய்க்குள் இருப்பது நான்-ரிட்டர்ன் டாம்பர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். ஃபேன் ஓடினால் காற்றின் வேகத்தில் தகடுகள் திறக்கும். ஃபேன் நின்றால் தன் எடையாலோ ஸ்பிரிங்காலோ மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று வெளியே போகலாம், வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது. இதற்கு மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

2012ஆம் ஆண்டில் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். தியாகராய நகரில் என் ஜவுளிக் கிடங்கு தரைக்குக் கீழே இருந்தது. பின்பக்கச் சந்தில் ஜெனரேட்டர். அதற்கு நேர் மேலே கிடங்கின் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளிவாய். அந்தத் தகடு எந்நேரமும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். கணக்கு எழுத முடியவில்லை என்று கணக்கப்பிள்ளை குறைப்பட்டார். "திறந்தபடியே கம்பி போட்டுக் கட்டிவிடப்பா" என்று எலக்ட்ரீசியனிடம் சொன்னவன் நான்தான்.

ஒரு நாள் மதியம் கரண்டு போனது. ஜெனரேட்டர் லைனில் விளக்கும் பில் போடும் கம்ப்யூட்டரும் மட்டுமே இருந்தன, ஃபேன் இல்லை. ஃபேன் நின்றது, தகடு மூடவில்லை. ஜெனரேட்டர் புகை அந்த வழியாகக் கீழே இறங்கியது. பண்டல் எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பையன்களுக்குத் தலைவலி, வாந்தி. ஒருவன் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் தூக்கி வந்து வெளிக்காற்றில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?" என்பதுதான். இருவரும் பிழைத்தது ஆண்டவன் செயல்.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்ளும். டீசல் நெடியை வைத்து மட்டும் ஆபத்தைக் கணக்கிட முடியாது. நெடி குறைவாக இருப்பதால் பயமில்லை என்று நினைப்பது தவறு.

தகடு சத்தம் போட்டது ஏன் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தகட்டைத் தூக்கி நிறுத்தும் அளவுக்குக் காற்று வரவில்லை என்றால் அது பாதி திறந்து, பாதி மூடி அடித்துக்கொள்ளும். என் ஃபேன் இறக்கையிலும் வலையிலும் விரல் கனத்துக்குப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. தூசியைத் துடைக்க வேண்டியவன் தகட்டைக் கட்டினேன். குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை உள்ளே விட்ட கதை.

இரண்டு மூன்று ஃபேன்கள் ஒரே குழாயில் காற்றைத் தள்ளும் கடைகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நின்றிருக்கும் ஃபேனின் தகடு மூடாவிட்டால், ஓடும் ஃபேன் தள்ளிய காற்று அதன் வழியாகவே கடைக்குள் திரும்பும். நின்ற ஃபேன் பின்பக்கமாகச் சுற்றும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகும். காயில் எரிந்தது என்று வருடா வருடம் செலவு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பராமரிப்புப் பெரிய வித்தை அல்ல. முதலில் ஃபேனை ஓடவிட்டுப் பாருங்கள். தகடுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்து ஆடாமல் நிற்க வேண்டும். அணைத்ததும் ஒன்றாக மூட வேண்டும். பிறகு ஒரு ஊதுபத்தியை, சரக்குக்கு எட்டாத தூரத்தில், கிரில் அருகே பிடியுங்கள். புகை உள்பக்கம் தள்ளப்பட்டால் தகடு சரியாக அமரவில்லை என்று பொருள். மின்சாரத்தை முழுவதும் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். தகட்டையும் அச்சையும் துடைத்து, தகடுகளை இணைக்கும் கம்பி வளைந்திருக்கிறதா, ஓரத்து ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எதிர் எடை உள்ள டாம்பராக இருந்தால், துடைத்த பின்னரே எடையை நகர்த்த வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. திறக்கச் சிரமப்படுகிறதே என்று எடையை அதிகம் தள்ளிவிட்டால் பிறகு மூடாது. சட்டத்தில் போட்டிருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டவேண்டும். கழற்றி மாட்டும்போது தலைகீழாகி விடுவது உண்டு.

ஜவுளிக் கடையில் அச்சுக்குத் தாராளமாக எண்ணெய் விடாதீர்கள், பஞ்சு ஒட்டிக் கெட்டியாகிவிடும். கிராபைட் தூள் போதும். மயிலாப்பூர் மெஸ்காரர்கள் பிசுக்கு எடுக்கக் காஸ்டிக் சோடாவைப் போட்டால் அலுமினியத் தகட்டையே அது அரித்துவிடும். வெந்நீரும் சாதாரண சோப்பும் நல்லது. அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றில் இரும்பு அச்சு துருப்பிடித்து இறுகும். அங்கே மாதம் ஒரு முறை பார்த்தே ஆகவேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தகடு தீத்தடுப்பு டாம்பர் ஆகாது. அது வேறு. குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 72 டிகிரி செல்சியஸ் அளவில், உருகும் ஓர் இணைப்பு அதில் இருக்கும், உருகியதும் குழாய் அடைபடும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்கக்கூடாது. ஆனால் இரண்டும் கற்றுத்தரும் பாடம் ஒன்றே: காற்று போகும் வழியில் புகையும் போகும். 1997 ஜூன் 13 அன்று டில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தரைத்தளத்து மின்மாற்றித் தீயின் புகைதான் மேலே அரங்குக்குள் புகுந்தது. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்குப் பரவி 90க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் உஸ்மான் சாலையில் 2017 மே 31 அன்று சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்தபோது, புகையால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையவே திணறியதைத் தெருவே பார்த்தது. இவற்றுக்கெல்லாம் ஒரு தகடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. புகை எந்த வழியில் வரும், எந்த வழியில் போகும் என்பதைக் கடைக்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இது யார் பொறுப்பு என்று கேட்டால் வாடகைக்கு இருப்பவர் கட்டட உரிமையாளரைக் காட்டுகிறார். உரிமையாளர் வாடகைதாரரைக் காட்டுகிறார். இருவரும் சேர்ந்து ஏ.சி. ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார்கள். அவரோ ஃபில்டரைக் கழுவிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறார். என் தாழ்மையான கருத்து: ஃபேன் சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. கீழே வேலை செய்யும் பிள்ளைகளைத் திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள். செலவை யார் ஏற்பது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்கு இறங்குவதற்கு முன், தெருவுக்கு ஒரு நாள் ஒதுக்கி, நல்ல டெக்னீஷியன் ஒருவரைச் சங்கமே அமர்த்திக் கடை கடையாகப் பார்க்கச் செய்யலாம். செலவைப் பகிர்ந்தால் ஒரு கடைக்கு ஆகும் பணம் அற்பம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இன்னொரு முறை பார்க்கலாம். ஜெனரேட்டர் புகைக்குழாய் எந்தக் கடையின் காற்றுவாய்க்கு அருகில் இருக்கிறது என்றும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

அதுவரை, நாளைக் காலை கடை திறந்ததும் பின்பக்கம் போய் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். கம்பி கட்டியிருந்தால் முதலில் அதை வெட்டி எறியுங்கள்.