51-க்கும் 28-க்கும் பதில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பிக் டென் கமிஷனர் திரு. டோனி பெட்டிட்டி அவர்களுக்கு,

தனிக் கடிதத்தில் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை என்று ஆகிவிட்டதால் பொதுவில் எழுதுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடியிருப்பவன் நான். சீசன் வந்தால் பாசடினாவின் ரோஸ் பவுல் மைதானத்துக்குப் போய் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்கிறவன். பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென் கான்ஃபரன்ஸின் விதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, வகுப்பதே உங்கள் அலுவலகம்தான். ஒரே ஒரு சீசனை, அதிலும் இரண்டே அணிகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

2024 செப்டம்பர் 14 அன்று ரோஸ் பவுலில் யு.சி.எல்.ஏ.வும் இந்தியானாவும் மோதின. பிக் டென் உறுப்பினராக யு.சி.எல்.ஏ. ஆடிய முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டம் அதுதான். இந்தியானா 42-13 என்று வென்றது. நியாயமான வெற்றி, எங்கள் அணியால் அன்றைக்கு எதிலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அன்று மாலை ஒரே புல்தரையில் நின்ற அந்த இரண்டு அணிகளையும் அதற்குப் பிறகு எந்தெந்த வழியில் அனுப்பினீர்கள் என்பதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

யு.சி.எல்.ஏ. அடுத்த வாரம் லூயிசியானா போய் எல்.எஸ்.யு.விடம் 34-17 என்று தோற்றது. அதற்கடுத்த வாரம் சொந்த மைதானத்தில் ஆரிகனிடம் 34-13. அதற்கும் அடுத்த வாரம் பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட்டிடம் 27-11. எல்.எஸ்.யு. ஆட்டம் கான்ஃபரன்ஸுக்கு வெளியே பல்கலைக்கழகம் தானே பேசி வைத்துக்கொண்டது, அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன். இந்தியானா இத்தனை பலமாக எழுந்து நிற்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை, அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஆரிகனும் பென் ஸ்டேட்டும் எப்படிப்பட்ட அணிகள் என்று அறியாதவர் யார்? அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அந்த இரண்டையும் வைத்தீர்கள். டிசம்பரில் உங்கள் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் மோதியதும் அவை இரண்டும்தான். நான்கு வாரத்துக்குள், தேசிய பிளேஆஃபுக்குப் போகவிருந்த மூன்று அணிகள்!

அந்தப் பென் ஸ்டேட் ஆட்டம் தொடங்கியது அங்கே நண்பகல் 12 மணிக்கு. லாஸ் ஏஞ்சலஸில் அப்போது காலை 9. எழுந்து, சாப்பிட்டு, கணுக்காலுக்கு டேப் சுற்றி, பேருந்தேறி, உடம்பைச் சூடேற்றி மைதானத்தில் நிற்க எத்தனை மணி நேரம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு அது விடியற்காலை. லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து கூச்சலிடும் பீவர் ஸ்டேடியத்தில், வழக்கமான குவார்ட்டர்பேக் காயத்தோடு வெளியே இருக்க, மாற்று ஆட்டக்காரர் தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆட இறங்கினார். நாடு முழுவதையும் குறுக்கே கடந்து திரும்பி வந்த அணி, மறுவாரமே மினசோட்டாவிடம் கடைசி நிமிடத்தில் விட்ட டச்டவுனால் 21-17 என்று தோற்றது. களைப்புதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதற்கடுத்த வாரம் மறுபடியும் கிழக்குக் கரைக்கு, நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்குப் பயணம். சீசன் முடிவில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. சீசனுக்குப் பிந்தைய பவுல் ஆட்டத்துக்குப் போக ஒரே ஒரு வெற்றி குறைந்தது.

இப்போது இந்தியானாவைப் பாருங்கள். ரோஸ் பவுலிலிருந்து ஊர் திரும்பி சார்லட்டோடும் மேரிலாண்டோடும் சொந்த மண்ணில் ஆட்டம். பிறகு பக்கத்து மாநிலத்தில் நார்த்வெஸ்டர்ன். ஒரு வாரம் ஓய்வு. பிறகு நெப்ராஸ்கா, வாஷிங்டன், மிஷிகன் ஸ்டேட், மிஷிகன். மீண்டும் ஒரு வாரம் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட், கடைசியாக அந்த ஆண்டு கான்ஃபரன்ஸில் ஒரு வெற்றிகூடப் பெறாத பர்டியூ. இந்த வரிசையில் பிளேஆஃபுக்குப் போன அணி ஒஹாயோ ஸ்டேட் ஒன்றுதான். ஆரிகனையும் பென் ஸ்டேட்டையும் இந்தியானா அந்தச் சீசனில் பார்க்கவே இல்லை.

இதை வயிற்றெரிச்சல் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, உங்கள் இறுதிப் பட்டியலை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். ஓர் அணிக்கு ஒன்பது கான்ஃபரன்ஸ் எதிரணிகள், அவை ஒவ்வொன்றும் ஆடியது ஒன்பது ஆட்டம், ஆக மொத்தம் 81. யு.சி.எல்.ஏ.வின் எதிரணிகள் அந்த 81இல் 51 வென்றன. இந்தியானாவின் எதிரணிகள் வென்றது 28. யு.சி.எல்.ஏ. தோற்றுத் தோற்று எதிரிகளின் கணக்கை ஏற்றிவிட்டது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். சரி, அந்தந்த அணியோடு ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிடுங்கள். அப்போதும் 72இல் 45 ஒரு பக்கம், 72இல் 27 மறுபக்கம். ஒரே கான்ஃபரன்ஸ், ஒரே ஆண்டு, ஒரே பட்டியல்.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2028 வரைக்குமான எதிரணிகளை 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டீர்கள், 2024இல் யார் எப்படி ஆடுவார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் எரிகிற கண்ணுக்கு அதனால் என்ன ஆறுதல்?

இந்தியானாவின் மீது எனக்குக் கோபம் துளியும் கிடையாது. தங்கள் முன்னால் நிறுத்தப்பட்டவர்களை அவர்கள் வென்றார்கள். உங்கள் அட்டவணை அவர்களையும்தான் அவமானப்படுத்தியது. பதினொரு வெற்றி பெற்ற அணியைப் பார்த்து "யாரோடு ஆடிவிட்டீர்கள்?" என்று அந்த இலையுதிர்காலம் முழுக்கக் கேலி பேசினார்கள். தோற்றவனுக்கு நியாயம் கிடைக்கவில்லை, வென்றவனுக்கு மரியாதை கிடைக்கவில்லை. யாருக்காக இந்த ஏற்பாடு?

அட்டவணைகளின் கடினம் சமமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. அதே 2024இல் இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் 8-1 என்று சமமாக நின்றன. இரண்டும் தோற்றது ஒஹாயோ ஸ்டேட்டிடம் மட்டுமே. சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு யார் என்று வந்தபோது உங்கள் விதி எதைப் பார்த்தது? யாருடைய எதிரணிகள் அதிகம் வென்றிருக்கின்றன என்பதைத்தான் பார்த்தது. இரண்டாம் இடத்துக்கு அந்தத் தராசை வெளியே எடுத்தீர்கள். பட்டியலின் கீழே கிடந்தவனுக்கும், பவுல் ஆட்டத்தை ஒரு வெற்றியில் இழந்தவனுக்கும் அது ஏன் உள்ளேயே இருக்கிறது?

இதே மேற்குக் கரையில் 2006 முதல் 2010 வரை பேக்-10 என்ற கான்ஃபரன்ஸில் பத்து அணிகள் இருந்தன. ஒன்பது ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஆடினார்கள். யார் பெரியவன் என்று கேட்டால் பட்டியலைக் காட்டினால் போதும். எண்ணிக்கை கூடக் கூட அது தேய்ந்தது, கடைசியில் கான்ஃபரன்ஸே சிதறியது. யு.சி.எல்.ஏ.வையும் யு.எஸ்.சி.யையும் அழைத்தது உங்களுக்கு முன்னால் இருந்தவர். ஆரிகனும் வாஷிங்டனும் வந்தது உங்கள் காலத்தில். ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்பட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் இருந்தது, கரைக்குக் கரை சந்தை வேண்டியிருந்தது. பதினெட்டு அணிகளைச் சேர்த்துவிட்டு ஆட்டங்களை மட்டும் ஒன்பதிலேயே நிறுத்தினால், ஓர் அணி ஆண்டுதோறும் எட்டு அணிகளைக் காணாமலே போகும். அந்த எட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே சீசனைத் தீர்மானித்துவிடுகிறது. ஆண்டுதோறும் ஆடிய, அதே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்லியோடு யு.சி.எல்.ஏ.வுக்கு இப்போது கான்ஃபரன்ஸ் ஆட்டம் கிடையாது. போதாததற்கு, பெர்க்லி அடைந்த நட்டத்துக்கு யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தீர்மானித்தது. அக்கம்பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த உடன்பிறப்புகளைப் பிரித்ததற்கு ஒரு விலை போட்டு வசூலிக்கிற நிலை வந்துவிட்டது, ஐயா.

இவ்வளவுக்கும் பிறகு 2025இல் நீங்கள் முன்னின்று வலியுறுத்தியது என்ன? தேசிய பிளேஆஃபில் பிக் டென்னுக்கு நான்கு இடங்களை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும், கான்ஃபரன்ஸில் பெற்ற இடத்தை வைத்து அவற்றை நிரப்பலாம் என்று. எந்த இடம்? 51-ஐயும் 28-ஐயும் ஒரே கோட்டில் நிறுத்தி எழுதிய அந்தப் பட்டியலில் உள்ள இடமா? அதை நம்பி ஓர் அணியை உள்ளே விடவும் இன்னோர் அணியை வீட்டுக்கு அனுப்பவும் உங்களுக்கு மனம் வருகிறதா? வீட்டுக்கு அனுப்பிய அணியின் பிள்ளைகளிடம் நேரில் என்ன சொல்வீர்கள்?

மேற்கில் நான்கு அணிகள் இருக்கின்றன. அவற்றைக் கிழக்கே நண்பகல் ஆட்டத்துக்கு அனுப்புவதை நிறுத்துங்கள், தொலைக்காட்சிக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பெரிய எதிரணிகளுக்கு நடுவே ஓய்வு வாரத்தை எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் வையுங்கள். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுதி வைத்த எதிரணிகளை, ஒவ்வொரு சீசன் முடிந்ததும் எடுத்துத் திருத்துங்கள். ஒவ்வொரு அணியின் எதிரணிகளும் எத்தனை வென்றன என்ற எண்ணை, வெற்றி தோல்விக்குப் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்கிற மாதிரி அச்சிடுங்கள். முடியாது என்றால் பதினெட்டு அணிகளையும் நிலப்பகுதிவாரியாகப் பிரித்து, பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தவறாமல் சந்திக்கும்படி செய்யுங்கள். எது உங்களுக்கு வசதி என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்றைச் செய்யும்வரை, அந்தப் பட்டியலைக் காட்டி நான்கு இடம் கொடுங்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ரோஸ் பவுலுக்கு இனியும் வரப்போகும் ஒரு பார்வையாளன்