அல்சூர் சந்தும் ஆளில்லாத காரும்

ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பது: "உங்க பெங்களூர்ல டிரைவர் இல்லாத கார் எப்பப்பா வரும்?" ஏதோ நான்தான் அதை ஒளித்து வைத்திருக்கிற மாதிரி :-)

இந்தக் கேள்விக்குள் ரெண்டு கேள்வி இருக்கு. பாதையைப் போடுவது ஒன்று. போட்ட பாதையில் விலகாமல் போவது இன்னொன்று. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருத்தர் "நாளைக்கே வந்துடும்" என்கிறார், இன்னொருத்தர் "நம்ம நாட்ல நடக்கவே நடக்காது" என்கிறார்.

முதலில் சுலபமானது. சைக்கிள் பழகும் பிள்ளை முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஹேண்டில்பார் ஆடும். "தூரத்துல பாருடா" என்போம் இல்லையா? கம்ப்யூட்டருக்கும் அதேதான். பாதையில் சில மீட்டர் முன்னால் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அதுவரைக்கும் ஒரு வட்ட வில் கற்பனை செய்து, அதற்கேற்ப ஸ்டியரிங்கைத் திருப்பும். வண்டி நகர நகரப் புள்ளியும் முன்னால் நகரும். இதற்கு 'ப்யூர் பர்சூட்' என்று பேர். புள்ளி ரொம்பக் கிட்டே இருந்தால் வண்டி பாம்பு மாதிரி நெளியும். ரொம்பத் தள்ளி இருந்தால் வளைவில் குறுக்கே வெட்டி, முனைவீட்டுத் திண்ணையில் ஏறும். அதனால் வேகம் கூடினால் புள்ளியையும் தள்ளி வைப்பார்கள்.

இன்னொரு முறை, முன்சக்கரம் பாதையை விட்டு எவ்வளவு விலகியிருக்கு, வண்டி எத்தனை கோணம் திரும்பியிருக்கு என்று ரெண்டையும் பார்த்துத் திருத்துவது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' வண்டியில் இருந்தது இதுதான். 2005 அக்டோபரில் அமெரிக்கப் பாலைவனத்தில் சுமார் 212 கி.மீ. ஆளில்லாமல் ஓடி ஜெயித்தது. ஆனால் போகவேண்டிய பாதையைப் போட்டி நடத்தியவர்களே புள்ளி புள்ளியாகக் கொடுத்திருந்தார்கள். அதை மறக்கக் கூடாது.

இப்போது கஷ்டமானதுக்கு வருவோம். அல்சூர் பஜார் தெருவில் அந்தப் புள்ளிகளை யார் கொடுப்பது? தள்ளுவண்டி, எதிர்ப்பக்கமாக வரும் ஸ்கூட்டர், நடுரோட்டில் நின்று பேசும் ரெண்டு பேர். நொடிக்கு நொடி பாதை மாறுகிறது. கோடே இல்லாத இடத்தில் கோட்டைப் பிடித்துப் போகும் கணக்கு என்ன செய்யும்?

ஸ்கூட்டரே இல்லாத நிலாவிலும் மனுஷன் தேவைப்பட்டான். நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. நாலு நாள் கழித்துப் பிரக்யான் வண்டிக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வந்தது. வந்த வழியே திரும்பச் சொல்லி இங்கிருந்து கட்டளை போனது; வண்டி வேறு பாதையில் போனது. முடிவு மனுஷனுடையது, நடப்பது மெஷினுடையது. இந்தப் பங்கீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

டிரைவர்களின் வேலை போய்விடும், அதனால் ஆளில்லாத காரை அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொன்னார். அந்தக் கவலை நியாயம். அல்சூரில் ஆட்டோ, டாக்ஸி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மாட்கள் எத்தனை பேர்! ஆனால் 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதையும் பார்க்க வேண்டாமா?

என் கட்சி இதுதான். பஜார் தெருவை டிரைவரிடமே விடுங்கள். பொங்கலுக்கு நாமெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று போகிறோமே, அங்கே கோடு இருக்கு, பாதை நிலையாக இருக்கு. விடிகாலை 3 மணிக்கு வண்டி கோட்டை விட்டு விலகினால் இந்தக் கணக்கு உடனே கண்டுபிடிக்கும். டிரைவரைத் தூங்க வைக்கும் மெஷின் நமக்கு வேண்டாம். தட்டி எழுப்பும் மெஷின் வேண்டும். அது அவர் பிழைப்பையும் கெடுக்காது, நம் உயிரையும் காக்கும்.

அது எல்லா வண்டிக்கும் வருகிறவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊருக்கு வண்டி பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால், "பகல்ல தூங்கினீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.