கைமாறிய ஆலயம்



சிங்கப்பூரிலுள்ள மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் மிகவும் வருந்தினார். “ஐயா, அங்கே ஒரு கோயிலைப் படம் மாட்டும் கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது” என்றார்.

அவர் கண்டது மிடில் ரோட்டிலுள்ள பழைய மெதடிஸ்ட் ஆலயம். 1890-களில், பாபாக்கள் எனப்படும் சீன வம்சாவளியினர் அங்கே மலாய் மொழியில் ஆராதித்தார்கள். அந்த ஊழியத்தில் முன்னின்றவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் அம்மையார். 1887-இல் தமிழ்ச் சிறுமியருக்காக அவர் தொடங்கிய சிறு பள்ளியே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்பதை அந்தச் சகோதரியிடம் சொன்னபோது, அவர் துக்கம் இன்னும் கூடிற்று!

அவருடைய கண்ணீரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஞானஸ்நானமும் திருமணமும் அடக்க ஆராதனையும் நடந்த சுவர்கள் வெறும் செங்கல் அல்ல. கர்த்தருடைய பீடத்தருகே அடைக்கலான் குருவிக்கும் வீடு கிடைத்ததைக் கண்டு ஏங்கிய சங்கீதக்காரனுக்கு (சங். 84) இது நன்றாய்ப் புரிந்திருக்கும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சபை அழிந்துபோகவில்லை. 1930-ஐ ஒட்டிக் கம்போங் கப்பூரில் புதிய ஆலயம் கட்டி இடம்பெயர்ந்தது. இன்றும் அங்கே ஆராதிக்கிறது. விட்டுவந்த கட்டடமோ உணவகமாயிற்று, மோட்டார் பட்டறையாயிற்று. 1999-இல் சிற்பக்கலைக்குரிய இடமாகத் திறக்கப்பட்டது. இப்போது ஆப்ஜெக்டிஃப்ஸ் என்னும் புகைப்பட, திரைப்பட மையம் அங்கே இயங்குகிறது. எண்ணெய்க் கறை படிந்த தரையில் இன்று மனிதர் நின்று, பிற மனிதரின் முகங்களை உற்று நோக்குகிறார்கள். இதை இழிவென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. தேவன் கைகளால் கட்டப்பட்ட கோயில்களில் வாசம்பண்ணுவதில்லை என்று பவுல் அத்தேனே பட்டணத்தில் பிரசங்கித்தது (அப். 17:24) நமக்கும் சேர்த்துத்தான்.

இங்கிலாந்தில் ஆராதிக்க ஆளின்றி மூடப்பட்டு, வேறு உபயோகத்திற்குப் போன ஆலயங்களின் கதை வேறு. அங்கே கட்டடம் கைமாறும் முன்பே சபை கரைந்துவிட்டது. அதற்கல்லவா அழவேண்டும்? ஆலயத்தின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த ஜனத்தை எரேமியா (7-ஆம் அதிகாரம்) கடிந்துகொண்டபோது, எருசலேமின் கட்டடம் கம்பீரமாகவே நின்றிருந்தது.

நம் பீளமேட்டுக்கு வருவோம். அவிநாசி சாலையில் லட்சுமி மில்ஸ் வளாகத்தில் கடைகள் வந்ததை நாம் எளிதாக ஏற்றுக்கொண்டோம். நம்முடைய ஆலயக் கூடமோ வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர், தாங்கள் வரைந்த ஓவியங்களை இரண்டு நாள் அங்கே வைக்க அனுமதி கேட்டார்கள். “சுவரில் ஆணி அடிப்பார்கள்” என்று சொல்லி மறுத்தவன் நானே. கமிட்டியின்மேல் பழிபோட எனக்கு உரிமையில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இன்றும் என்னை வழியில் கண்டால் வணக்கம் சொல்கிறான். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடுகிறது. கூடத்தின் சாவியைக் குறித்துப் பேசப்போகிறேன். அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.